பதினேழாம் விதியும் ஒரு தேங்காயும்

என் அன்புக்கும் சற்றே அச்சத்துக்கும் உரிய குணம் அண்ணைக்கு,

எந்த முகவரிக்கு அனுப்பினாலும் இக்கடிதம் உங்கள் கைக்கு வராது என்பதை அறிவேன். ஆயினும் அறிவிக்க வேண்டியதை உரியவருக்கு எழுத்தில் அறிவிப்பதே முறை. நீங்கள் வாழ்நாளெல்லாம் என்ஜின் ஓட்டிய நம் சரக்கு ரயில் பாதையைப் பற்றி ஒரு செய்தி இருக்கிறது.

அதற்கு முன் ஒரு மன்னிப்பு. உங்கள் இறுதிச் சடங்குக்குக் கம்பனியிலிருந்து மலர்வளையம் வந்தது. அதன் நாடாவில் இருந்ததோ, என்றோ இல்லாமற்போன பழைய கம்பனியின் பெயர். மண்டப வாசலில் நின்று, திருத்தித் தரும்படி கேட்கத் தொலைபேசியை எடுத்தேன். அண்ணி என் கையைப் பிடித்தா. "விடுங்கோ தம்பி. அந்தப் பேரிலதானே அவர் வேலைக்குச் சேர்ந்தவர்." விட்டுவிட்டேன். இன்றும் உறுத்துகிறது.

வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சிலவற்றை மீண்டும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்நகரின் செயின்ட்-மிஷேல் பகுதி வழியாகக் கோதுமை மாவும் மரப்பலகையும் ஏற்றிய அந்தச் சிறு கம்பனியை ஒரு நடுத்தரக் கம்பனி வாங்கியது. அதை ஒரு பெரிய கம்பனி விழுங்கியது. அதுவும் தன்னிலும் பெரிய ஒன்றோடு இணைந்தது. நீங்கள் ஒவ்வொரு முறையும் தொப்பியை மாற்றிக்கொண்டு அதே என்ஜினில் ஏறினீர்கள். நான் பாதையின் இயக்க விதிப் புத்தகத்தைப் பராமரித்தேன்.

உங்கள் முதல் ஆயுதபூசைக் காலை நினைவிருக்கிறதா? என்ஜினுக்குச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டு, கையில் தேங்காயோடு தண்டவாளத்தில் நின்றீர்கள். நான் ஓடிவந்து தடுத்தேன்.

"அண்ணை, தண்டவாளத்தில பொருள் போடுறது விதிமீறல்."

"அப்ப அதுக்கும் ஒரு விதி எழுதடாப்பா. உனக்கு உதுதானே வேலை."

எழுதினேன். பதினேழாம் விதி: ஆண்டுக்கொருமுறை, நிறுத்தப்பட்ட என்ஜினின் முன்பாக, பாதுகாப்பின் பொருட்டு, ஒரு தேங்காய் உடைக்கப்படும். உடைப்பவர் பாதுகாப்புக் கண்ணாடி அணிதல் வேண்டும். தேங்காய்ச் சில்லுகள் உடன் அகற்றப்படும். வாசித்துவிட்டு, "கற்பூரம் எங்க?" என்று கேட்டீர்கள். தீ தொடர்பானவை வேறு அத்தியாயம் என்றேன். பிறகு, விதியைக் கோரியவர் கையெழுத்திட வேண்டிய கட்டத்தைக் காட்டினேன்.

"சாமி காரியத்துக்கும் கையெழுத்தோ?"

"கோரியவர் இல்லாமல் விதி இல்லை, அண்ணை."

என்னைத் திட்டிக்கொண்டே கையெழுத்திட்டீர்கள். அந்தக் கையெழுத்துத்தான் இன்றைய செய்தி.

ஒவ்வொரு இணைப்பிலும் புதிய தலைமையகம் நம் புத்தகத்தை வாங்கி ஆராய்ந்தது. ஒருவர்கூட அந்த விதியை நீக்கத் துணியவில்லை. காரணமில்லாமல் இப்படி ஒரு விதி இருக்க முடியாது, ஏதோ பெரிய விபத்துக்குப் பிறகு வந்திருக்கவேண்டும் என்று எல்லோரும் நம்பினார்கள். முதலில் நம்மை வாங்கிய கம்பனி கையுறையைச் சேர்த்தது. அடுத்தது, தேங்காய் கிடைக்காதவிடத்து மாற்றுப் பொருள் யாது என்று எழுதிக் கேட்டது. "பூசணிக்காய் எண்டு எழுதி அனுப்பு" என்றீர்கள். அனுப்பினேன். இன்றும் புத்தகத்தில் இரு மொழிகளிலும் பூசணிக்காய் இருக்கிறது. ஆயுதபூசை வருவது ஒக்டோபர் மாதமாகையால் இந்நகரில் அதற்குத் தட்டுப்பாடும் இல்லை.

இனிச் செய்தி. மா ஆலை லொறிகளுக்கு மாறிவிட்டது. மரக் களஞ்சியம் மூடப்பட்டது. கோடையில் உங்கள் என்ஜினையும் இழுத்துச் சென்றார்கள். மூன்று நிறப் பூச்சுகளுக்கு அடியில் பழைய பச்சை இன்னும் இருக்கிறதா என்று லூக் சாவியால் சுரண்டிப் பார்த்தான். இருந்தது. உங்களோடு பிரேக் பார்த்த அதே லூக்தான். என் பெயரே "தம்பி" என்று இன்னும் நம்புகிறான்.

ரயில் ஓடாத பாதையின் விதிகளைத் தலைமையகம் ஒவ்வொன்றாக நீக்கியது. வேக விதி போனது. சமிக்ஞை விதி போனது. புத்தகத்தில் நம் பாதைக்குரிய பக்கத்தில் பதினேழாம் விதி மட்டுமே எஞ்சியது. அதுவும் நீங்கினால் பக்கம் வெறுமையாகும். பக்கம் வெறுமையானால் பாதை கைவிடப்பட்டதாகும். பிறகு தண்டவாளத்தைக் கழற்றுவார்கள். இதற்கிடையில் செயின்ட்-மிஷேலில் பழைய உலோகம் சேகரிக்கும் நிறுவனமொன்று, வசந்தத்தில் சரக்குப் பெட்டிகள் தருவீர்களா என்று எழுதிக் கேட்டிருக்கிறது. அதுவரை நாம் புத்தகத்தில் இருந்தால் போதும். லூக்கின் வேலையும் அதில்தான் தொங்குகிறது.

சென்ற திங்கட்கிழமை நீக்கல் படிவம் என் மேசைக்கு வந்தது. லூக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே அமர்ந்தான்.

"தம்பி, அதைத் தொலைத்துவிடு. காப்பி ஊற்றிவிட்டது என்று சொல்."

"ஒருபோதும் இல்லை. முறைப்படி நிரப்புவேன்."

"நீ நிரப்பினால் நான் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். குணம் இருந்தால் உன்னைத் தேங்காயால் அடித்திருப்பார்."

அடித்திருப்பீர்களா, அண்ணை? என் வாழ்நாளில் நான் ஒரு படிவத்தையும் தொலைத்ததில்லை. பேனாவை எடுத்து, முதல் கட்டத்திலிருந்து ஒழுங்காக நிரப்பிக்கொண்டு வந்தேன். லூக் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசிக் கட்டத்தில் என் பேனா நின்றது. விதியை நீக்க, அதைக் கோரியவரின் கையெழுத்துத் தேவை. அவருக்குப் பதிலாக வேறெவரும் ஒப்பமிடலாகாது. அந்த நிபந்தனையை எழுதியவனும் நான்தான்.

"கோரியவர் தற்போது கையெழுத்திட இயலாத நிலையில் உள்ளார்" என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. நேற்றுப் பதில் வந்தது: அவர் திரும்பும்வரை விதி நடைமுறையில் இருக்கும்.

லூக் என்னைக் கட்டிப்பிடித்தான். விதி நடைமுறையில் இருந்தால் தேங்காயும் உடைக்க வேண்டும் என்று அவனுக்கு நினைவூட்டினேன். என்ஜின்தான் இல்லையே என்றான். புத்தகத்தில் என்ஜினுக்குரிய வரைவிலக்கணத்தைக் காட்டினேன்: தன் வலுவில் தண்டவாளத்தில் ஓடும் எதுவும் என்ஜினே. ஆகவே வெள்ளிக்கிழமை காலை, இரும்புச் சக்கரங்களை இறக்கித் தண்டவாளத்தில் ஓடும் பராமரிப்பு பிக்கப் வண்டிக்குச் சந்தனப் பொட்டு வைக்கிறோம். பாதுகாப்புக் கண்ணாடி உங்களுடையது, அண்ணி தந்தா. என் முகத்துக்குப் பெரிது.

இந்தத் தடுப்பு எத்தனை காலம் தாங்கும்? எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் உறுதி கூறுகிறேன்: உங்களுக்குப் பதிலாக நான் ஒருநாளும் அந்தக் கட்டத்தில் கையெழுத்திடமாட்டேன். அவசரமில்லை, அண்ணை. ஆறுதலாக வாங்கோ.

விதிப்படியும் அதற்கு அப்பாலும்,
உங்கள் தம்பி