சுவர்ப்பெட்டிக்குள் ஒரு குரல்

ரூசே, நவம்பர் 9

அன்பு மகள் தேசிக்கு,

நானும் அம்மாவும் நலம், முட்டைக்கோஸ் ஊறுகாய் போட்டு மூடியாகிவிட்டது, அங்கே பனி தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாய் என்று நம்புகிறேன். போனில் அம்மா உன்னிடம் மழுப்பிய விஷயத்தை எழுதாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

நான் நிலவறையில் பழைய சாமான்களைக் குடைந்துகொண்டிருந்தால் சாப்பிடக் கூப்பிட அம்மா மூன்று மாடி இறங்கவேண்டும், "உன்னைக் கூப்பிட்டே என் முட்டி தேஞ்சுபோச்சு பென்கோ" என்று ஒரே புலம்பல். சரி, பேசும் பெட்டி ஒன்று செய்வோம் என்று இறங்கினேன். அந்தக் காலத்து வானொலிப் பெட்டி நம் சமையலறைச் சுவரில் சும்மாதானே கிடக்கிறது, எல்லா வீட்டுப் பெட்டிக்கும் பொதுவான அதன் கம்பி நிலவறை வழியாகத்தான் போகிறது, அதில் டேப் ரிக்கார்டரின் ஆம்ப்ளிஃபயரை மாட்டினேன். ஸ்விட்சை இப்படித் திருப்பினால் பேசலாம், அப்படித் திருப்பினால் அதே ஸ்பீக்கர் மைக்காகிவிடும், கேட்கலாம். மற்ற வீட்டுக்காரர்கள் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டார்கள், ஐந்தாம் மாடி அக்கா தங்கை மட்டும் எறியவில்லை என்பது இந்த மேதாவிக்குத் தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை மதியம் அம்மாவைக் கீழே கூப்பிட்டுப் பெருமையாக ஸ்விட்சைப் போட்டேன். "தண்ணி... கொஞ்சம் தண்ணி" என்று ஒரு பெண்குரல். அம்மா என் கையை நசுக்கிவிட்டாள். ஐந்தாம் மாடி அக்கா கினாவின் குரல், கினா செத்து முப்பத்துமூன்று நாள், படம் போட்ட சாவு அறிவிப்பு இன்னும் அவள் கதவில் ஒட்டியிருக்கிறது. தங்கை ரயிக்கா கிராமத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள், போய்விட்டாள் என்றே நினைத்தோம். நாற்பதாம் நாள் வரை உயிர் வீட்டைச் சுற்றுமே என்று அம்மா சிலுவை போட்டுக்கொண்டு, ஸ்விட்சைத் திருப்பச் சொல்லி, பேரைச் சொன்னால் திரும்பிவிடுவாளோ என்று பேர் சொல்லாமல், "உனக்கு எல்லாம் முடிஞ்சுபோச்சு கண்ணு, இங்கே அலையாதே, நிம்மதியாப் போய்ச்சேரு" என்று அழுதுகொண்டே பேசினாள். பிறகு மாடியேறி, செத்தவர்களை வழியனுப்ப ஊற்றுவதுபோல் அந்தக் கதவு வாசலில் ஒரு குடுவைத் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தாள். மறுபடி கேட்டோம், சத்தமே இல்லை. இதையெல்லாம் நம்பாத நானே ஸ்விட்சை அணைத்துவிட்டு மாடியேறிவிட்டேன்.

மறுநாள் கம்பியைக் கழற்றப் போனவன் கடைசியாக ஒருமுறை கேட்டேன். யாரோ இருமினார்கள். செத்தவளுக்கு ஏது இருமல்? எதிர்வீட்டு இலியாவோடு ஓடிப்போய்க் கதவை உடைத்தோம். ரயிக்கா சமையலறைத் தரையில் இடுப்பெலும்பு முறிந்து கிடந்தாள். அக்கா தங்கைக்கு ஒரே குரல், எத்தனை தடவை போனில் ஏமாந்திருக்கிறோம்.

பிழைத்துவிட்டாள். ஏன் தொடர்ந்து கூப்பிடவில்லை என்று கேட்டதற்கு, அம்மா பேரைச் சொல்லி, "தோத்கா சுவத்துக்குள்ளேர்ந்து முடிஞ்சுபோச்சுன்னு சொன்னா, வாசல்ல தண்ணி ஊத்துற சத்தமும் கேட்டுச்சு, அப்புறம் எதுக்குக் கத்தணும்" என்றாளாம். அதைக் கேட்டதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, நீ எதுவும் கேட்காதே. அந்தப் பெட்டியை நான் உடைத்துப்போட்டுவிட்டேன். நேற்று ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரயிக்கா என் கையைத் தடவி, பாவப்பட்டுப்போய், "பென்கோ, நீ எப்ப வந்தே? உசிரு போறப்ப ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டாள்.

கடவுளின் தாய் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும் மகளே. ஒன்று மட்டும் மறக்காதே, நாங்கள் போனை எடுக்காவிட்டால் வெளியே போயிருப்பார்கள் என்று விட்டுவிடாதே, இலியாவைக் கூப்பிட்டுக் கதவைத் தட்டச் சொல்.

உன் அப்பா,
பென்கோ