உறுதி என்று காட்டிய பக்கம்

ஜூன் 11, புதன்

வீடு எதிரொலிக்கிறது. கட்டில், அலமாரி, பாப்பாவின் மேசை எல்லாம் போன வாரம் லாரியில் போய்விட்டன. என் கணவருக்கு மாற்றலான ஊரில் பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் அவரும் பாப்பாவும் முன்னால் போனார்கள். எனக்கு மிஞ்சியது ஒரு மெத்தை, ஒரு மேசை, இரண்டு தட்டு. "ரெண்டே வாரம், வந்துடுறேன்" என்று லாரிக்குப் பக்கத்தில் நின்று பாப்பாவிடம் சொன்னேன். நம்பிவிட்டாள்.

ராஜினாமாக் கடிதம் மேனேஜரிடம் இருக்கிறது. வேறு ஆள் பிடித்து, வேலையை ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்கிறார். ஒப்படைக்க என்ன இருக்கிறது? ஒரே ஒரு வெப்சைட். டயாலிசிஸ் மையத்துக்கு வாரம் மூன்று முறை வருகிறவர்கள் தங்கள் நேரத்தைப் பதிவு செய்யும் பக்கம். நாலு வருடமாக நான் ஒருத்தியே பார்த்துக்கொள்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

மூன்று பேர் நேர்காணலுக்கு வந்தார்கள். எங்கள் வெப்சைட்டைக் கட்டியிருக்கும் ஃப்ரேம்வொர்க் — வெளியில் யாரோ ஆயத்தமாகச் செய்து தந்த சட்டகம் — மூன்று பேருக்கும் தெரியாது. கடைசியாக வந்த பெண் அதன் பெயரைக் கேட்டதுமே சிரித்துவிட்டாள். "இத இன்னும் யாராச்சும் வெச்சிருக்காங்களா மேடம்? செஞ்சவங்களே கை கழுவிட்டாங்களே!"

தெரியும். ஒன்றரை வருடம் முன்பே அறிவித்துவிட்டார்கள்: இனி அப்டேட் வராது, கேள்வி கேட்டால் பதில் வராது. அன்று அந்த அறிவிப்பைப் படித்துவிட்டு மூடி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஏனென்றால் அதைக் கொண்டுவந்ததே நான்தான். அப்போது எங்களோடு ஒருவர் வேலை பார்த்தார்; தாடி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். "எட்டுக் கேள்வி, ஒரு பட்டன். சாதா படிவமே போதும்ங்க. எதுக்கு இவ்ளோ பெரிய ஏற்பாடு?" என்று மீட்டிங்கில் கேட்டார். நான் என்ன சொன்னேன்? "சார் இன்னும் கற்காலத்துலயே இருக்கார், யாராவது ரெண்டு கல்லு எடுத்துக் குடுங்க." மேசை முழுக்கச் சிரிப்பு. அவரும் சிரித்தார். ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

ஜூன் 24, செவ்வாய்

மேனேஜர்: "நீங்க இல்லன்னா இது ஒரு நாள் கூட ஓடாதும்மா." கேட்டதும் உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். குளிர்ந்துபோனதையும் எழுதிவைக்கிறேன், மறந்துவிடக் கூடாது.

ஜூலை 2, புதன்

சொன்ன இரண்டு வாரம் முடிந்து இன்னும் இரண்டு வாரம் ஆகப்போகிறது. காலை உணவு நேரத்தில் வீடியோ அழைப்பு. பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. "எப்போடா விழுந்துச்சு?" என்றால், "அது சனிக்கிழமையே விழுந்துடுச்சே, அப்பா சொல்லலயா?" என்கிறாள். அவர் கேமராவுக்கு வெளியே இருந்து, "நீ மீட்டிங்ல இருந்த" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூலை 9, புதன்



மையத்தின் கவுன்ட்டரிலிருந்து காலையில் புகார். வேன் ஓட்டுகிறவர் ஒருவர் தன் மனைவியை ஆறு மணிக்கு அழைத்து வந்திருக்கிறார். அவர் ஃபோனில் 'உங்கள் நேரம் உறுதி செய்யப்பட்டது' என்று இருக்கிறது. மையத்தின் பட்டியலில் பெயர் இல்லை. படுக்கை காலியாகி அந்த அம்மாவுக்கு ஊசி ஏற்றும்போது மதியம் இரண்டு. கால் வீங்கி, மூச்சு வாங்கி, நாற்காலியிலேயே எட்டு மணி நேரம்.

எங்கள் டெஸ்டிங் அக்கா — வெப்சைட்டைச் சோதித்துப் பார்ப்பது அவர் வேலை — வீட்டிலிருந்து ஒரு பழைய ஃபோனைக் கொண்டுவந்தார். சிக்னல் இல்லாத லிஃப்டுக்குள் நின்று பட்டனை அமுக்கினார். 'உறுதி' என்று வந்தது. பட்டியலில் பெயர் வரவில்லை.

பார்த்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. பக்கம் மந்தமாக இருக்கிறது என்று முதல் வருடம் எல்லாரும் முணுமுணுத்தார்கள். அந்த ஃப்ரேம்வொர்க் ஒரு யானை, வேகமாக ஓட்ட முடியவில்லை. அதனால் ஓடுவதுபோல் காட்டினேன். பதிவை எழுதிக்கொள்ளும் சர்வரிடமிருந்து பதில் வருவதற்கு முன்பே 'உறுதி' என்று காட்டும்படி எழுதியவள் நான். பதில் எப்படியும் அரை நொடியில் வந்துவிடும் என்று நினைத்தேன். கைதட்டினார்கள்.

மேனேஜர் ஒரே வரியில் முடித்தார். "சிக்னல் ப்ராப்ளம்னு ஒரு லெட்டர் போட்டுடுங்க."

போட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

முன்கூட்டியே 'உறுதி' காட்டும் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அதை மாற்ற ஃப்ரேம்வொர்க்கின் இன்னொரு துண்டைப் புதுப்பிக்கச் சொல்கிறது. அதைப் புதுப்பித்தால் மூன்றாவது உடைகிறது. மூன்றாவதை எழுதியவர்கள் இப்போது இல்லை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை சுற்றிச் சுற்றி, எல்லாவற்றையும் பழையபடியே வைத்துவிட்டு எழுந்தேன். நானே பூட்டி, சாவியை உள்ளே போட்டுவிட்டேனா?

ஜூலை 15, செவ்வாய்

அக்கா என்னை மையத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். "நாலு வருஷமா செய்யிற, ஒரு தடவையாவது அங்க போய்ப் பாத்திருக்கியா?" இல்லை.

காத்திருக்கும் அறையில் பன்னிரண்டு நாற்காலி. ஃபோன்கள் எல்லாம் கீறல் விழுந்தவை. ஒருவர் பக்கத்தைத் திறந்தார்; நான் கடிகாரம் பார்த்தேன். நாற்பத்தோரு நொடி. வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டு, பழகிப்போனவராக உட்கார்ந்திருந்தார். என் லேப்டாப்பில் அது கண் சிமிட்டுவதற்குள் வரும். நான் ஒருநாளும் வேறெதிலும் திறந்து பார்த்ததில்லை.

வேன்காரரும் இருந்தார். அக்கா நான் யார் என்று சொல்லிவிட்டார். சத்தம் போடுவார் என்று தோளை இறுக்கிக்கொண்டேன். போடவில்லை. "சிக்னல் சரியில்லன்னு லெட்டர் வந்துச்சும்மா. சிக்னல் இல்லன்னா வரலன்னு சொல்லியிருக்கலாமே. உறுதின்னு போட்டிருந்துச்சே? எங்க வீட்டுக்காரி திரும்பிப் போற வழியெல்லாம் திட்டிட்டே வந்தா, நான்தான் சரியா அமுக்கலன்னு. நானும் அப்படித்தான் நெனச்சேன்."

ஆறு நாளாக அந்த மனிதர் தப்பு தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மையைச் சொல்லாமலே அங்கிருந்து கிளம்பினேன். திரும்பும்போது பேருந்தில் அக்கா என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஜூலை 17, வியாழன்

தாடிக்கு ஃபோன் செய்தேன். நம்பரைத் தேடி எடுக்கவே அரை மணி நேரம். உண்மையைச் சொன்னால் அமுக்கத்தான் அரை மணி நேரம்.

"என்மேல கோபமா?"

"இப்ப இல்ல. இருந்துச்சு. ஒரு மூணு வருஷம் இருந்துச்சு." சிரித்தார். "அந்தக் கல்லு ஜோக்கு நல்ல ஜோக்குதான், அதான் கடுப்பு."

எல்லாவற்றையும் சொன்னேன். வந்து உதவ முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார், மழுப்பாமல். பிறகு, "புதுசா எழுதப்போறீங்கன்னா எந்த டூல்னு அப்புறம் பாருங்க. உங்களுக்கப்புறம் யாரு அத படிக்கப்போறா? அவங்கள மொதல்ல முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஜூலை 21, திங்கள்

மேனேஜர் ஒரு விளம்பரத் தாளோடு வந்தார். இப்போது எல்லாரும் பேசும் புத்தம்புதிய ஃப்ரேம்வொர்க்காம். அதில் மாற்றி எழுத வேண்டும், நான் இன்னும் இரண்டு வருடம் இருக்க வேண்டும், பதவி உயர்வு உண்டு. படங்கள் அழகாக இருந்தன. ஒரு நிமிடம் — பொய் சொல்ல மாட்டேன் — கை பரபரத்தது. புதுசு கற்றுக்கொள்ளலாம், மறுபடி நான் மட்டுமே தெரிந்தவளாக இருக்கலாம்.

அந்த ஒரு நிமிடம்தான் என்னைப் பயமுறுத்தியது.

"சார், அது சிக்னல் ப்ராப்ளம் இல்ல. நான் பண்ணின தப்பு. லெட்டர்ல நான் எழுதினது பொய்."

"நீங்களே எழுதினீங்க, நீங்களே கையெழுத்துப் போட்டீங்க. இப்ப வந்து என்ன திடீர் ஞானம்?"

"மையத்துக்குத் திருத்தி எழுதி அனுப்பிட்டேன். இன்னிக்குக் காலையில. வேன்காரர்கிட்டயும் சொல்லச் சொல்லியிருக்கேன். இந்தப் புதுசு வேணாம் சார், சாதாப் பக்கமா எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

அவர் முகம் சிவந்துபோனது. எழுந்து கதவைச் சாத்தினார். என்னென்னவோ சொன்னார், எழுத விருப்பமில்லை. கடைசியில்: "சரி. சாதாப் பக்கமோ என்னவோ எழுதுங்க. அதை வேற ஒருத்தர் தனியா ஓட்டிக் காட்டணும். அதுவரைக்கும் உங்களுக்கு ரிலீவிங் லெட்டர் கிடையாது."

வேலையிலிருந்து விடுவித்ததாகச் சொல்லும் அந்தக் கடிதம் இல்லாமல் வேறு எங்கும் வேலை கிடைக்காது.

ஜூலை 22, செவ்வாய்

இரவு ஃபோனில் பாப்பாவின் அப்பாவிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டார். பிறகு: "உனக்கு இங்க வரணும்னு இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லு."

என்ன கேள்வி இது! வரணும்னுதானே இவ்ளோ பாடு படறேன்? அப்படியே கத்தியிருக்கலாம். கத்தவில்லை. ஏன் உடனே பதில் வரவில்லை எனக்கு? அவருக்கும் அந்த இடைவெளி கேட்டிருக்கும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

எனக்கப்புறம் யார் படிக்கப்போகிறார்கள்? அக்காதான். அவரே கேட்டார். "எனக்கு ஐம்பத்திரண்டு வயசு, இனிமே எவன் எனக்குப் புதுசா சொல்லிக் குடுக்கப் போறான்? நான் பாத்துக்கறேன், எழுது."

ஆக, அக்காவுக்குப் புரிவது மட்டுமே உள்ளே வரும். எட்டுக் கேள்வி. கீழே ஒரு பட்டன். அமுக்கினால் படிவம் சர்வருக்குப் போகும். சர்வர் எழுதிக்கொண்ட பிறகுதான் 'உறுதி' என்ற அடுத்த பக்கம் வரும். வராவிட்டால், நடக்கவில்லை என்று அர்த்தம். அவ்வளவே.

ஆகஸ்ட் 7, வியாழன்

தேதி தேர்ந்தெடுக்க ஒரு அழகான சின்ன நாட்காட்டியைச் சேர்த்தேன். புரட்டினால் வழுக்கிக்கொண்டு போகும். அக்கா பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அவங்க வர்றது வாரம் மூணு நாள்தானே? மூணு நாளையும் எழுதிக் காட்டிட்டா தொட்டுட்டுப் போறாங்க. இது எதுக்கு?"

எடுத்துவிட்டேன். கை ஒடிந்த மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்

பழைய ஃபோனில் திறந்தோம். மூன்று நொடி. அக்கா மூன்று தடவை மூடி மூடித் திறந்தார். "நெசமாவே அவ்ளோதானா?"

அவ்வளவுதான். ஒன்பது நாள் வேலை. நாலு வருடமாகப் பன்னிரண்டு நாற்காலிகளிலும் மனிதர்கள் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது இதற்காகத்தானா? சந்தோஷம் வரவில்லை. கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 3, புதன்

புதிய பக்கம் மையத்தில் மூன்றாம் நாளாக ஓடுகிறது. காலையில் தகராறு: ஒரே படுக்கைக்கு இரண்டு பெயர். என் கை தானாக அக்காவின் கீபோர்டுக்குப் போனது.

"கைய எடு," என்றார். அதட்டலாக, ஆனால் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எடுத்தேன். பின்னால் நின்றேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார், உதடு அசைய. எனக்கு எங்கே தவறு என்று முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது — எழுதுவதற்கு முன் படுக்கை காலியா என்று இன்னொரு முறை பார்க்க மறந்திருக்கிறேன். சொல்லிவிடாமல் நாக்கை அடக்கிக்கொண்டேன். இருபத்தைந்து நிமிடம். "இங்க கேக்கவே இல்லையே நீ! காலியா இல்லையான்னு கேக்காமலே எழுதுற!" பக்கத்தை அவரே அப்படிக் கேட்க வைத்தார். அவரே மையத்துக்கு ஃபோன் செய்து மன்னிப்பும் கேட்டார்.

இருபத்தைந்து நிமிடம் சும்மா நிற்பது இவ்வளவு கஷ்டமா?

செப்டம்பர் 12, வெள்ளி

ரிலீவிங் லெட்டர் கைக்கு வந்தது. மேனேஜர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "இவ்ளோ சுலபமான வேலைன்னா நாலு வருஷமா உங்கள எதுக்கு வெச்சிருந்தோம்?" என்றார். சுருக்கென்றது. நியாயமான கேள்விதான். கடிதத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

வழியனுப்பு விழா கிடையாது. அக்கா மட்டும் கீழே வரை வந்தார். "எதாவதுன்னா கூப்பிடுவேன்" என்றார். பிறகு, "கூப்பிட மாட்டேன், போ."

செப்டம்பர் 15, திங்கள்

வந்து சேர்ந்துவிட்டேன்.

இந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. காபி கலக்க ஸ்பூன் தேடினேன். பாப்பா இழுப்பறையைத் திறந்து, "ஸ்பூனெல்லாம் இங்கதான் வெப்போம்மா" என்று பொறுமையாகக் காட்டினாள், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் காட்டுவதுபோல. 'வெப்போம்' என்கிறாள். அந்த 'போம்'-இல் நான் இல்லை. விழுந்த இடத்தில் புதுப் பல் பாதி வளர்ந்துவிட்டது.

அவர் அன்பாகத்தான் இருக்கிறார். ஆனால் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. கேட்காமலே எல்லாவற்றையும் செய்து பழகிவிட்டார். அவருடைய துணி காயும் கொடியில் என் துணிக்கு இடம் தேட வேண்டியிருந்தது.

செப்டம்பர் 17, புதன்

மதியம் அவர் தன் ஆபீஸிலிருந்து கூப்பிட்டார். வேலை நிறைய, நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாது, பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லிவிடட்டுமா என்றார். வழக்கமாக அப்படித்தான் செய்வாராம்.

"வேணாங்க, நான் போறேன்."

"உனக்கு வழி தெரியுமா?"

தெரியாது. கேட்டுக் கேட்டுப் போனேன். இரண்டு முறை தப்பான தெருவில் திரும்பினேன். அப்படியும் மணி அடிக்க இருபது நிமிடம் இருந்தது. மற்ற அம்மாக்களுக்குப் பின்னால் போய் நின்றேன். எந்தக் கதவு வழியாக வருவாள் என்றுகூடத் தெரியாததால் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.