புழு தின்ற காடு

786
கம்பம்
9.11.2003

ரபீக், நம் காட்டைக் கொன்றது நீதான். மருந்தடித்தது பக்கத்துத் தோட்டத்து ஒச்சாண்டி, மருந்துப் புட்டி போனது உன் அத்தா கடையிலிருந்து, இருந்தாலும் கொன்றது நீ. இதை முதலில் எழுதினால்தான் மற்றதெல்லாம் எழுத வரும் போலிருந்தது, எழுதிவிட்டேன். அஸ்ஸலாமு அலைக்கும். அத்தாவும் நானும் உன் தங்கை ஷர்மினும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே தம்மாமில் வெயில் கொஞ்சமாவது இறங்கியிருக்கும், உன் நோன்புகள் சிரமமில்லாமல் கழியட்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். உன்மேல் கோபமாக இருக்கிற வேளையிலும் அதைத்தான் கேட்கிறேன்.

போனிலேயே சொல்லியிருப்பேன். வீட்டுப் போனிலிருந்து வெளிநாட்டுக்குப் பேச முடியாதே, அங்கே நீங்கள் நோன்பு திறக்கிற நேரம் பார்த்துப் பூத்துக்குப் போனேன், உங்கள் கேம்ப்பில் அந்த மலையாளத்துப் பையன்தான் எடுத்தான், "ரபீக் இவிடெ இல்லா உம்மா, சைட்டில் போயி" என்றான். நோன்பு திறக்கிற நேரத்தில் என்னப்பா சைட் என்று கேட்டேன், அவன் தடுமாறினான். பக்கத்தில் நின்று நீ கையை ஆட்டியிருப்பாய் என்றே நினைக்கிறேன். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது, வைத்துவிட்டேன். பூத்துக்காரர் "பையன் நல்லாருக்கானா பாயம்மா" என்று கேட்டார், நல்லா இருக்கான் என்றேன், வேறு என்ன சொல்ல.

இரண்டு வருஷம் காய்ந்து கிடந்த ஊரில் இந்த வருஷம் ஆடிச் சாரல் விட்டு விட்டு விழுந்து புரட்டாசியிலேயே ஓடையில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லார் முகமும் தெளிந்திருக்கிறது, கடையில் அத்தாவுக்கு உட்கார நேரமில்லை. மழை பெய்தால் திராட்சைக்கு நோய் வரும் என்று மருந்து அடிக்கிறார்கள், வெயிலடித்தால் பூச்சி வரும் என்று அடிக்கிறார்கள், ஒன்றும் வராவிட்டால் வந்துவிடக்கூடாதே என்று அடிக்கிறார்கள். சுருளிப்பட்டி ரோட்டில் முந்தானையால் மூக்கை மூடாமல் போக முடியாது. ஒச்சாண்டி மருந்தடிக்கும்போது ஓஸ் குழாய் பிடிக்கிறது அவன் பெண்சாதி பூமாரிதான், கண் இரண்டும் மிளகாய்ப்பழம் மாதிரி இருக்கிறது. "கண்ணு எரியுதுன்னா மோரக் குடிங்கிறாகக்கா, நான் என்ன கண்ணாலயா மோரு குடிக்க முடியும்" என்று சிரிக்கிறாள். அவளுக்கு ஒரு கையுறை வாங்கித் தர வேண்டும் என்று தோட்டம் வைத்திருக்கிற ஒருவனுக்கும் தோன்றவில்லை, விற்கிற நமக்கும் தோன்றவில்லை. அந்தக் காசில்தான் நம் வீட்டு அடுப்பு எரிகிறது, உன்னைப் படிக்க வைத்ததும் அதுதான், அதை நான் மறைத்துப் பேசவில்லை. ஷர்மின் பிளஸ் டூவில் அரைப் பரீட்சைக்குப் படிக்கிறாள், கணக்குத்தான் வரமாட்டேன் என்கிறது.

நடந்ததை அப்போதே உனக்கு எழுதினேன். பதில் இல்லை. அந்தக் கடிதம் வரவே இல்லை என்று சொல்ல உனக்கு இடம் வைக்கக்கூடாது என்பதற்காக மறுபடியும் எல்லாவற்றையும் எழுதுகிறேன். நம் காடு இருக்கிற ஓடைக்கரை நிலம் உன் நன்னாவுடையது. மகள் எனக்கு எழுதினால் மருமகன் அனுபவிப்பான் என்று கணக்குப் போட்டு நேராகப் பேரன் உன் பெயருக்கு எழுதினார், பெற்ற மகளின் கையெழுத்துக்கு அங்கே இடமே இல்லை. கல்லும் சீமைக்கருவேலமும்தான் கிடந்தது. நீ கல்லூரிக்குப் போகிற காலத்தில் லீவு நாளெல்லாம் அந்த முள்ளை வேரோடு தோண்டிப் போட்டாய். மாவிலங்கையும் விளாவும் நாட்டு எலுமிச்சையும் கருவேப்பிலையும் வைத்தாய், அதோடு நிற்காமல் எருக்கும் கிலுகிலுப்பையும் ஆடுதீண்டாப்பாளையும் கொண்டுவந்து வைத்தாய். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் "என்ன ராவுத்தரே, ஊரான் எருக்கப் புடுங்கிப் போடுறான், ஒங்க மகன் தண்ணி ஊத்தி எருக்கு வளக்குறானாமே" என்று சிரித்தார்கள். அத்தா வீட்டுக்கு வந்து என்னிடம் கத்தினார், நான் மறுநாள் காலையில் உன்னோடு குடம் தூக்கிக்கொண்டு போனேன். மூன்றாம் வருஷம் மழை முடிந்து ஒரு காலை நேரம், கிலுகிலுப்பைப் பூவில் கறுப்பில் நீலக்கோடு போட்ட பட்டாம்பூச்சிகள் கிளை தெரியாமல் தொங்கின, நீ வாயைப் பொத்திக்கொண்டு நின்றாய், கூப்பிட்டால் கலைந்துவிடும் என்று. அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்தவள் நான், அதனால்தான் இதெல்லாம் எழுதுகிறேன்.

நீ போன பிறகு வாரத்தில் பாதி நாள் நானும் ஷர்மினும் அங்கே போய்விட்டு வருவோம். வறட்சியில் பாதி கருகியது, பெரிய மரங்கள் நின்றுவிட்டன. இந்தச் சாரலுக்கு எல்லாம் ஒன்றாக எழுந்தது. ஆடுதீண்டாப்பாளை முழுக்க அந்தச் சிவப்பு முள் வைத்த கறுப்புப் புழுக்கள், எலுமிச்சையில் பறவை எச்சம் போலக் கிடந்து பிறகு பச்சையாக மாறுமே அவை, ஷர்மின் குச்சியால் தொட்டுத் தொட்டு அது கொம்பை நீட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஓட்டையில்லாத இலை கிடையாது. உனக்கு எழுத வேண்டும் என்று மனதுக்குள் வரிகள் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

புரட்டாசியில் வந்த மிஃராஜ் நோன்பு அன்றைக்குப் போனேன். நுழையும்போதே கடை வாசம் வந்தது, உன் அத்தா சட்டையில் வருமே அந்த வாசம். இலையெல்லாம் வெள்ளைத் திட்டு. புழுக்கள் நூலில் தொங்குகிற மாதிரி சுருங்கித் தொங்கின, கீழே எறும்பு இழுத்துக்கொண்டு போனது, இழுத்த எறும்பும் வழியில் செத்துக் கிடந்தது. ஒரு கரிச்சான் குருவி வாயைத் திறந்தபடி கிடந்தது. ஒச்சாண்டி பக்கத்துத் தோட்டத்திலிருந்து வேலியைத் தாண்டி ஓடி வந்தான், முகமெல்லாம் சிரிப்பு. உனக்குத்தான் தெரியுமே, டேங்கில் மருந்து மிஞ்சினால் இங்கே யாரும் கீழே கொட்டமாட்டார்கள், பக்கத்துத் தோட்டத்தின் ஓர வரிசைக்கு அடித்துவிடுவார்கள், அது அண்டைத் தோட்டக்காரனுக்குச் செய்கிற மரியாதை. "யக்கா, தோப்பு பூராம் புழுவா மொச்சுக் கெடந்துச்சு. தம்பி வந்து பாத்தா மனசு ஒடஞ்சு போகும்லன்னு மிச்ச மருந்த அடிச்சேன், பத்தல. பாய் கடையில இன்னொரு புட்டி வாங்கியாந்து ஒரு எல விடாம நனைச்சுட்டேன். அங்கன பாருங்க, ஒன்னு உசுரோட இல்ல. காசு கீசு பேசிராதீக, நமக்குள்ள என்ன" என்றான். புழுக்கள் கிடந்த மண்ணிலேயே உட்கார்ந்தேன். மயக்கம் என்று நினைத்துச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான், நோன்பு என்றதும் "ஒங்களுக்கு ரம்ஜான் இன்னும் வரலையேக்கா" என்று செம்போடு நின்றான். அவன் கெட்டவனில்லை. ஓட்டை விழுந்த இலையைப் பார்த்தால் கை தானாகத் தெளிப்பானுக்குப் போகும்படி ஒரு பள்ளத்தாக்கையே பழக்கி வைத்திருக்கிறார்கள், அவனும் அதில் ஒருவன்.

அத்தாவிடம் கேட்டேன். "தோப்புல புழு விழுந்திருக்கு பாய்னு வந்து நின்னான், எலுமிச்சைக்குத்தான் கேக்குறான்னு அடிச்சு விடுய்யான்னேன், எருக்கஞ்செடிக்கு மருந்தடிக்கிற மடையன நான் இதுக்கு முன்ன பாத்திருக்கனா" என்றார், சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. வனத்துறை ஆபீசுக்கும் போனேன், கேட்டுப் பார்ப்போமே என்றுதான். பட்டா நிலம் என்றதும் அங்கிருந்தவர் பேனாவை மூடிவிட்டார். "ஆனை வந்து மிதிச்சா சொல்லுங்கம்மா, பட்டாம்பூச்சி செத்ததுக்கெல்லாம் நாங்க வண்டி எடுக்க முடியாது" என்றார். வேண்டுமானால் தைல மரக்கன்று தருகிறேன் என்றார். சுவரில் மரம் வளர்க்கச் சொல்லி எழுதியிருந்தது, அதன் கீழே உட்கார்ந்துதான் சொன்னார்.

இதெல்லாம் போகட்டும். போன புதன்கிழமை உன்னிடமிருந்து ரிஜிஸ்தர் கவர் வந்தது. கை கழுவாமல் ஓடி வந்து ஷர்மின் பிரித்தாள், எனக்கு ஏதோ எழுதியிருக்கிறாய் என்று. உள்ளே பவர் பத்திரம், எம்பஸி முத்திரை, ஒவ்வொரு பக்கத்திலும் உன் கையெழுத்து. கவரை உதறிப் பார்த்தேன், எனக்கு ஒரு வரி இல்லை. நிலத்தைக் குத்தகைக்கு விடவும் மரத்தை வெட்டவும் திராட்சைக் கொடி போடவும் அத்தாவுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறாய். அத்தா மிஃராஜ் கழிந்த வாரமே உனக்கு எழுதியிருக்கிறார், எனக்குத் தெரியாது. "புழு தின்னு காடு அழிஞ்சு போச்சு, இனி சும்மா கெடக்குற நெலந்தான்னு எழுதுனேன், புள்ளைக்குப் புரிஞ்சுபோச்சு, ஒனக்குத்தான் புரியல" என்றார். என் கடிதமும் அதே வாரத்தில்தான் போனது. இரண்டும் உன் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்திருக்கும், ஒன்றுக்குப் பதில் வந்துவிட்டது.

என் கடிதத்தை விடு, அது கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். புழு தின்று காடு அழிந்தது என்று ஒருவர் எழுதினால் நீ எப்படி நம்புவாய்? புழு தின்று எந்தச் செடியும் சாகாதும்மா, அது தின்பதற்குத்தான் இதை வைத்திருக்கிறோம், விட்டால் மறுபடி துளிர்க்கும் என்று எருக்கு இலையைத் திருப்பிக் காட்டி எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நீ. உலகத்தில் யார் அந்தப் பொய்யை நம்பினாலும் நீ நம்பியிருக்க முடியாது. பொய் என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அதனால்தான் முதல் வரியில் அப்படி எழுதினேன்.

அத்தா சொல்வதையும் எழுதிவிடுகிறேன், அவர்மேல் மட்டும் பழி போட்டேன் என்று இருக்கக்கூடாது. "பாலைவனத்துல எவன் வீட்டுப் புல்லுக்கோ தண்ணி ஊத்திக்கிட்டுக் கெடக்கான். இங்கன கொடி காய்ச்சா ஊருக்கு வந்து தோட்டக்காரனா ஒக்காருவான், எருக்கங்காட்ட நம்பி எந்தப் பய திரும்பி வருவான்" என்றார். சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. எனக்கும் நீ வர வேண்டும், அவரைவிட அதிகமாக வர வேண்டும். வருவதற்காகத்தான் கையெழுத்துப் போட்டாய் என்றால் அதையாவது நீ எனக்கு எழுதியிருக்கலாம், திட்டியிருப்பேன், ஆனாலும் புரிந்திருக்கும். வந்து என்ன செய்வாய், வேலிக்கு அந்தப்பக்கம் பூமாரி ஓஸ் பிடிப்பாள், இந்தப்பக்கம் நீ பிடிப்பாய்.

காடு இன்னும் முழுக்கச் சாகவில்லை. அடித்த பிறகு பெய்த மழை இலையைக் கழுவிவிட்டது, ஆடுதீண்டாப்பாளை அடியிலிருந்து புதிதாக வந்திருக்கிறது. போன வாரம் உடம்பு சிவந்த அந்தக் கறுப்புப் பூச்சி ஒன்று வந்து தளிருக்குத் தளிர் உட்கார்ந்து முட்டை வைத்தது, அதற்கு ஒன்றும் தெரியாது. மாவிலங்கையும் விளாவும் நிற்கின்றன. கிலுகிலுப்பையும் பூத்திருக்கிறது, நீலக்கோட்டுப் பூச்சிகள் வரும் நேரம், இரண்டு மூன்று வந்து சுற்றிவிட்டுப் போய்விட்டன, மற்றவை வருமா என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் இரண்டு மழைக்காலம் சும்மா விட்டால் தேறிவிடும் என்று தோன்றுகிறது. ஆனால் பெருநாள் முடிந்ததும் ஜே.சி.பி. வரும் என்று அத்தா சொல்லிவிட்டார், பந்தலுக்குக் கல்தூண் சொல்லியாகிவிட்டது. குத்தகைக்கு எடுக்கப்போகிற ஒச்சாண்டியே வந்து, "யக்கா, நீங்க மொகத்தத் தூக்கி வச்சிருக்கையில எனக்குக் கொடி போட மனசில்ல, பாய்கிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்றான். நான் சொன்னேன். "நெலம் யாரு பேர்ல இருக்கு" என்று ஒரே கேள்வி கேட்டார். அவன் வேண்டாம் என்றால் குத்தகைக்கு இன்னொருவன் வருவான். நான் ஜே.சி.பி. முன்னால் போய் நின்றால், பாயம்மாவுக்கு எருக்கஞ்செடி மேல் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று என்னைத் தூக்கி வீட்டில் உட்கார வைப்பார்கள்.

சஹர் சாப்பாட்டுக்கு எழுந்திருக்காமல் வெறும் தண்ணீரோடு நோன்பு வைக்காதே, வெயிலில் நிற்கிற வேலை. தலையில் துணி கட்டிக்கொள். பெருநாளைக்குப் புதுச்சட்டை எடுத்துக்கொள், கேம்ப்பில் தனியாக இருக்காமல் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடு. ஷர்மின் சலாம் சொல்லச் சொன்னாள், அவளுக்கும் உன்மேல் வருத்தம், எழுத வேண்டாம் என்றாள், நான் எழுதுகிறேன். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் உடம்பில் பலமும் தரட்டும், உன் கை படுகிற இடமெல்லாம் பச்சையாக இருக்கட்டும்.

இந்தக் கடிதம் பெருநாளுக்கு முன் உன் கைக்கு வந்துவிடும். வந்த அன்றே கடைக்குப் போன் போட்டு, பவரை ரத்து செய்கிறேன், நிலத்தில் ஒரு மண்வெட்டி படக்கூடாது என்று அத்தாவிடம் சொல். அது உன்னால் முடியாது என்றால் வீட்டில் என்னைக் கூப்பிடு. தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன் அம்மா என்று உன் வாயால் என்னிடம் சொல்.

உன் அம்மா
ரஹ்மத்