சாரல் காலத்தில் மட்டும் சூடாகும் லேப்டாப்

தென்காசி,
ஆடி பிறந்தாச்சு.

எம் மக முத்துசெல்விக்கு அம்மா எழுதிக்கிடுதது. இங்கன நானும் உங்கப்பாவும் உடம்புக்கு ஒண்ணுமில்லாம இருக்கோம். வீட்டுல காய்ச்சல்னு கிடந்தது நீ விட்டுட்டுப் போன லேப்டாப்பு மட்டும்தான், அதுவும் இப்ப தேவலை. அங்கன ஸ்வீடன்ல நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வச்சு, மனுசி மாதிரி இருக்கியான்னு எழுது. உங்க ஊர்ல ராத்திரி ஆனாலும் வெயில் போகமாட்டேங்குதுன்னு சொன்னியே, அதுல பாதியை மடிச்சு இங்க அனுப்ப வழி உண்டுமா? சாரல் பிடிச்சதுல இருந்து வெயில்னு ஒண்ணைக் கண்ணால காணல. குளுகுளுன்னு அருமையாத்தான் இருக்கு, ஆனா அந்த அருமையெல்லாம் குத்தாலத்துக்குக் காரு போட்டு வந்து குளிச்சிட்டுப் போறவங்களுக்கு. நமக்குத் துணி காயமாட்டேங்கு. கொடியில கிடக்கிற சேலையை எடுத்து மோந்து பாத்து, இது துவைச்சதா துவைக்கப் போறதான்னு யோசிக்க வேண்டியிருக்கு.

இதையெல்லாம் போன்லயே சொல்லலாம். ஆனா நான் வாயைத் திறந்த உடனே நீ, அம்மா ஸ்கிரீனைக் காட்டு, அதை அமுக்கு, ஐயோ அதை அமுக்காதம்மான்னு கத்துவ, கடைசியில நான் எதை அமுக்குனேன்னு உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. அதான் பார்சல்ல பருப்புப்பொடி, மோர்மிளகாய் கூட இந்தக் காகிதத்தையும் வைக்கேன். இதுல நீ நடுவுல புகுந்து நிறுத்த முடியாதுல்லா.

ரியாத்துல இருக்க அப்துல் மஜீது பாய் வீடு கட்டப் போறாருன்னு சொன்னேன்லா. நான் இத்தனை வருசமா பஞ்சாயத்து அப்ரூவலுக்கு வீட்டு பிளானைக் கோடு போட்டுக் குடுக்கிற பொம்பள. அவரு லீவுல வந்து, மேடம், கோடெல்லாம் வேண்டாம், என் வீட்டம்மா வாசல்ல நுழைஞ்சு மாடி வரைக்கும் நடந்து போற மாதிரி வீடியோவாக் காட்டணும், அவ பாத்துச் சரின்னாத்தான் அஸ்திவாரம்னுட்டாரு. அதுக்குள்ள அவரு மச்சினன், சுரண்டையில ஒரு டிசைன் ஆபீஸ் இருக்கு, ஏசி ரூம்ல உக்கார வச்சு ஜூஸ் குடுத்துக் காட்டுதாங்கன்னு காதுல ஓதிட்டான். நான் காட்ட ஏசியும் இல்ல ஜூஸும் இல்ல, உன் லேப்டாப்புதான் உண்டு. இந்த வேலை கைக்கு வந்தா நாலு பேரு தேடி வருவாங்க, வராட்டா லேப்டாப்பை வித்துட்டு மறுபடி கோடு போட உக்காரணும், இதுதான் எனக்கும் உங்கப்பாவுக்கும் சித்திரையில ஏற்பட்ட உடன்படிக்கை. சித்திரை பூராவும் வித்துரு வித்துருன்னு நச்சரிச்ச மனுசன், ஆனி பிறந்து சாரல் விழுந்ததும் அதைப் பத்தி வாயே திறக்கல. நம்ம உழைப்பைப் பாத்து மனசு மாறிட்டாருன்னு நானும் உருகிப் போனேன். உங்கம்மா புத்தியைப் பாத்துக்கோ.

வீட்டை வரைஞ்சு முடிச்சாச்சு, அதை வீடியோவா மாத்த லேப்டாப்பு பல மணி நேரம் மூச்சைப் பிடிச்சு ஓடணும். ஓடும்போது மவுசைக் கூடத் தொடாதம்மான்னு நீ சொல்லியிருந்தியா, நான் காலையில எந்திரிச்சதும் அதைத் தட்டி விட்டுட்டு, கதவைச் சாத்திட்டு அடுப்படிக்குப் போயிருவேன். கொஞ்ச நேரத்துல உங்கப்பா குரல் வரும், ஏட்டி சங்கரேஸ்வரி, உன் பொட்டி அணைஞ்சு போச்சுன்னு. ஓடிப் போய்த் தொட்டுப் பாத்தா தோசைக்கல்லு தோத்துரும். மத்தியானம் திரும்பப் போட்டுப் பாத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும். மறுநாள் காலையில மறுபடி பொட்டுனு அணையும். சித்திரை வெயில்ல ஒரு நாள் கூட அணையாத சாமான், சாரல்ல, அதுவும் காலையில மட்டும் ஏன் கொதிக்குதுன்னு எனக்குத் தலையும் புரியல வாலும் புரியல. மத்தியானத்துக்கு மேல பாதி நாள் கரண்டு நிக்கமாட்டேங்கு, காலையை விட்டா முழு வீடியோ எடுக்க வழியும் இல்ல.

நீ சொன்ன மாதிரி கிராபிக்ஸ் கார்டு டிரைவரை, அதான் படம் காட்டுத பாகத்தை ஓட்டுத சாப்ட்வேரை, புதுசாப் போட்டேன். அணைஞ்சுது. பழசுக்குப் போன்னே, போனேன், அணைஞ்சுது. அப்புறம் கேம் விளையாடுறவங்களுக்கு ஒரு டிரைவர், வேலை செய்யறவங்களுக்கு ஒரு டிரைவர்னு ரெண்டு இருக்குன்னே. எல்லாத்தையும் அடியோட அழிச்சிட்டுப் போடுன்னே. அழிச்ச உடனே எழுத்தெல்லாம் சுவர் விளம்பரம் கணக்கா பெருசாயிட்டு, நான் லேப்டாப்பு செத்துப் போச்சுன்னு நினைச்சு அழுத அழுகையில உங்கப்பா காப்பி போட்டுக் குடுத்தாரு. அப்புறம்தான் ஒரு லேப்டாப்புக்குள்ள ரெண்டு கிராபிக்ஸ் கார்டு இருக்கு, ஒண்ணு சாது, ஒண்ணு முரடுன்னு தெரிஞ்சுது. சாதுவை வேலை வாங்குனா சூடாகல, ஆனா மஜீது பாய் அடுத்த லீவுக்கு வாரப்பதான் வீடியோ முடியும்ங்கற வேகம். முரட்டை இழுத்துப் பிடிச்சு, அமைதி மோடுல போட்டேன், அப்பவும் அணைஞ்சுது, கொஞ்சம் மெதுவா அணைஞ்சுது. இதெல்லாம் பண்ணும்போது உங்கப்பா தினமும் அருவியில குளிச்சிட்டு வந்த ஈரத்தலையோட, இன்னைக்கு எந்த மோடு, நல்லா சூடாகுமான்னு ஆசையாக் கேப்பாரு. கட்டுன இத்தனை வருசத்துல என் வேலையைப் பத்தி அந்த மனுசன் இவ்வளவு அக்கறையாக் கேட்டதே இல்ல.

கடைசியில பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை வச்சிருக்க விஜய்பாண்டிகிட்ட தூக்கிட்டுப் போனேன், உன்கூட டியூசன் படிச்சவன். அவனுக்கு வீரகேரளம்புதூர்ல பொண்ணு நிச்சயம் ஆயிருக்கு. அந்தப் பிள்ளை போனை வைக்கவே விடமாட்டா போல, தோள்ல போனை இடுக்கிக்கிட்டு, சொல்லும்மா, ஆமாம்மான்னுக்கிட்டே என் லேப்டாப்பைக் குடல் குடலாப் பிரிச்சுப் போட்டான். எந்த ஸ்குரூவை எங்க மாட்டுதானோன்னு எனக்கு உயிரே இல்ல. தூசியை ஊதி, சூட்டை இறக்குத பேஸ்ட்டைப் புதுசாத் தடவி, அங்கனயே ஓட்டிக் காட்டுனான், ஜம்முன்னு ஓடுச்சு. ஆன்ட்டி, காத்து வெளிய போக இடம் இருக்கான்னு மட்டும் பாருங்கன்னான். என் ரூம்ல ஜன்னலே குத்தாலத்தைப் பாத்துத்தான் இருக்கு, எனக்கா காத்துக்குப் பஞ்சம்னு அவனைக் கேலி பண்ணிட்டு வந்தேன். மறுநாள் காலையில அணைஞ்சுது.

மஜீது பாய் ரியாத்துக்குக் கிளம்ப முந்தின நாளு வந்துட்டு. சாயங்காலம் குடும்பத்தோட வாரோம், காட்டலைன்னா தப்பா நினைக்காதீங்க மேடம், மச்சினன் சொன்ன இடத்துக்கே போயிடுதோம்னு தன்மையாச் சொல்லிட்டாரு. காலையில லேப்டாப்பைத் தட்டி விட்டு, கும்பிட்டுட்டு, கதவைச் சாத்திட்டு வந்தேன். அடுப்படிக்கு வந்த பிறகுதான் கண்ணாடியை மேசை மேலயே வச்சிட்டேன்னு தெரிஞ்சுது. எடுக்கப் போய்க் கதவைத் திறக்கேன், உங்கப்பா நிக்காரு. லேப்டாப்புக்குப் பின்பக்கம், சூடான காத்து வெளிய வாற இடத்துல, அவரு அருவிக்குக் கட்டிட்டுப் போற பச்சைக் காசித்துண்டைச் சுத்தி வச்சு, காய்ச்சக்காரனுக்குப் போர்த்தி விட்ட மாதிரி ஓரத்தை எல்லாம் சொருகி விட்டுக்கிட்டிருக்காரு. ஒரு பக்கம் காஞ்சதும் மறுபக்கம் திருப்பிப் போடணுமாம். மறுநாள் குளிக்கப் போக ஈரத்துண்டை எப்படிக் கட்டுததுங்காரு. நல்ல காத்து வீணாப் போகுதேன்னுதான் போட்டேன், சாரல் முடியுத வரைக்கும் இதை விக்க வேண்டாம்ங்காரு. துண்டு காஞ்ச உடனே அதை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு, அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டு, பொட்டி அணைஞ்சு போச்சுன்னு சொல்லியிருக்காரு. நான் ஊர் உலகத்துல உள்ள டிரைவரை எல்லாம் போட்டு அழிச்சிருக்கேன்டி. எனக்கு அழுததா அடிச்சிருததான்னு தெரியல.

திட்டித் தீத்துட்டுத் துண்டை உருவுனேன். அந்தத் துண்டைக் கையில வச்சுக்கிட்டு நிக்கும்போதுதான் பக்குனு ஒண்ணு தோணுச்சு. மஜீது பாய் வீட்டுல போர்டிகோ இருக்கு, ஹோம் தியேட்டர் இருக்கு, மாடியில ஊஞ்சல் கூட இருக்கு. சாரல்ல துணி எங்க காயும்? நான் ஒரு பொம்பள, தினமும் ஈரச்சேலையோட மல்லுக்கட்டுதவ, எனக்கே அது தோணல பாத்துக்கோ. ஓடிட்டிருந்ததை நிறுத்துனேன். நிறுத்துனது திரும்ப ஓடுமோ ஓடாதோன்னு பயம் வேற. அடுப்படிக்குப் பின்னால, அடுப்புச் சுவரோட சூடு வாற மாதிரி, சிமெண்டு ஜாலி வச்சு, மேல கூரை போட்டு ஒரு அறை வரைஞ்சேன். உள்ள கொடி கட்டுனேன். கோவம் தீராம அந்தக் கொடியில ஒரு பச்சைத் துண்டையும் தொங்க விட்டேன். முரட்டுக் கார்டு, வேகமான மோடு, எல்லாத்தையும் போட்டுத் தட்டி விட்டுட்டு, கதவுக்கு முன்னால நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டேன். உங்கப்பா துண்டோட கூடத்துல அலைஞ்சாரு, உள்ள விடல. அது அணையவே இல்லடி.

சாயங்காலம் நம்ம டிவியில போட்டுக் காட்டுனேன். மஜீது பாயும் மச்சினனும் போர்டிகோவுக்கு மாஷா அல்லாஹ்ங்காங்க, மாடிப்படிக்கு மாஷா அல்லாஹ்ங்காங்க. வீட்டம்மா ஜுஹைனா முக்காட்டைச் சரி பண்ணுதா, கடிகாரத்தைப் பாக்கா. போச்சு, சுரண்டைதான்னு நினைச்சேன். அடுப்படி தாண்டி அந்த அறை வந்ததும் முன்னால நகந்து உக்காந்து, அக்கா, கொஞ்சம் பின்னால கொண்டு போங்கன்னா. திரும்பப் போட்டேன். திரும்பப் போடச் சொன்னா. பிள்ளைங்க யூனிபாரத்தை நான் இஸ்திரி போட்டே காய வைக்கேன், இந்த மனுசன்கிட்ட போன்ல சொன்னா அங்கன அடிக்கிற வெயிலுக்கு இவருக்கு எங்க புரியும், இதுக்கு மேல எனக்கு எதையும் காட்ட வேண்டாம், அக்கா வரைஞ்சபடியே கட்டுவோம்னு புருசனைப் பாத்துச் சொல்லிட்டா. மச்சினன் ஏதோ ஏசின்னு இழுத்தான், ஏசியில துணி காயுமான்னு ஜுஹைனா ஒரே கேள்வி கேட்டு அவனை உக்கார வச்சிட்டா. எல்லாரும் சந்தோசமா இருக்கும்போது உங்கப்பா டிவி பக்கத்துல போய் உத்துப் பாத்து, ஏட்டி, அது என் துண்டுல்லான்னாரு பாரு, நான் காப்பி போடப் போற மாதிரி உள்ள ஓடிட்டேன்.

இப்ப லேப்டாப்புல எந்த டிரைவர் கிடக்குன்னு எனக்குத் தெரியாது. புதுசு ஒண்ணு வந்திருக்கு போடவான்னு தினமும் மூலையில கேக்கு, நான் பாக்காத மாதிரி இருந்துக்கிடுதேன். போடணுமா வேண்டாமான்னு ஒரு வரி எழுது. லேப்டாப்பை விக்கப் போறதில்ல, அதைத் திரும்பக் கேக்காத. குத்தாலநாதர் புண்ணியத்துல நீ நோய்நொடி இல்லாம, நினைச்சதெல்லாம் கைகூடி, நல்லா இருக்கணும். மோர்மிளகாயைத் திறந்து போட்டுராத, நமுத்துப் போகும்.

இப்படிக்கு, உன்னைப் பெத்துட்டு உன் லேப்டாப்போட மாரடிக்கிற
அம்மா சங்கரேஸ்வரி

காகிதத்தை மடிச்ச பிறகு ஞாபகம் வந்தது: கொஞ்ச நாளா நம்ம ஃப்ரிட்ஜுல ஐஸ் பிடிக்கமாட்டேங்கு, பக்கவாட்டுல தொட்டா சுடுது. உங்கப்பா துண்டு மட்டும் தினமும் நல்லாக் காஞ்சிருக்கு. நான் இன்னும் பின்னால போய் எட்டிப் பாக்கல. ஃப்ரிட்ஜுக்கும் ஏதாவது டிரைவர் உண்டுமா?