பந்திக்கு முன் ஐந்து நிமிடம் பாடிய செல்வினுக்கு

அன்பு மாப்ள செல்வின்,

நீ போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. காளவாசலில் நம் கூட்டாளிகள் உனக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். கூலிங்கிளாஸ், கழுத்தில் கிடார், கீழே ‘மதுரையின் ராக் ஸ்டார்’. வருந்துவோர் வரிசையில் என் படத்தை உன் படத்தைவிடப் பெரிதாகப் போட்டுவிட்டதால், போனது நான்தான் என்று நாலு பேர் என் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தார்கள். கதவைத் திறந்ததே நான்தான். வந்ததற்குக் காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

களைப்பாக இருக்கிறது, மாப்ள. இப்போதும் ரிசப்ஷன்களில் கீபோர்டு வாசிக்கிறேன். நீ நின்று பாடிய இடத்தில் இப்போது பாட்டுப் போட ஒரு லேப்டாப் இருக்கிறது. அதோடு சண்டைகூடப் போட முடியவில்லை.

நீ வாரநாளில் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், சனி ஞாயிறில் இங்கிலீஷ் பாடகர். சொந்தமாகப் பதினோரு இங்கிலீஷ் பாட்டு எழுதினாய். அவற்றுக்குக் கிடைத்ததெல்லாம் கேக் வெட்டுக்கும் பிரியாணிப் பந்திக்கும் நடுவே ஐந்து நிமிடம். பந்தி திறந்தால் மண்டபத்தில் நாற்காலிகள்தான் கேட்கும்.

அந்த அவனியாபுரம் ரிசப்ஷன். ஜெனி அப்போது பிறக்கவில்லை. உன் பாட்டைக் கேட்கவென்றே சென்னையிலிருந்து ஒரு கேசட் கம்பெனிக்காரர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நீ இரண்டாவது சரணத்தைத் தொட்டபோது நான் கீபோர்டில் குத்துப்பாட்டுத் தாளத்தைத் தட்டிவிட்டேன். கூட்டம் எழுந்து ஆடியது. வேறு வழியில்லாமல் நீயும் சினிமாப் பாட்டுக்கு மாறினாய். அவர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். அப்புறம் அவரிடமிருந்து பேச்சே இல்லை.

கல்யாணப் பெண்ணின் தாய்மாமன் குத்துப்பாட்டு கேட்டார் என்று உன்னிடம் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. நீ சென்னைக்குப் போய்விட்டால் என்னை யார் சீந்துவார்கள் என்று பயந்தேன். நான் சொன்னது பொய் என்று உனக்குத் தெரியுமா? விசாரித்தவர்களிடமெல்லாம் “நாந்தேன் மாத்தச் சொன்னேன்” என்றாயே, எதற்கு?

போன வாரம் உன் மகள் ஜெனி, உன் பாட்டு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அம்புட்டுப் பாட்டு எழுதிட்டு, பாட வேண்டிய அன்னைக்கு எங்கப்பா பயந்துட்டாருல்ல மாமா?”

எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பவன் நான். அன்றைக்கு “டீ ஆறுதும்மா” என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவளிடம் சொல்லிவிடுகிறேன், பயந்தது உங்கப்பா இல்லை என்று. அதற்குப் பிறகு அவள் என்னை மாமா என்று கூப்பிடுவாளோ, மாட்டாளோ. இன்று வியாழன். ஞாயிறு வரைக்குமாவது இப்படிக் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.

உன் மாப்ள,
ஜெனிக்கு மாமா,
ரமேஷ்