உங்கள் கரை நேரம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. உன் கால் வீக்கம் வடிந்ததா? எட்டு மாத வயிற்றோடு நீ குடம் தூக்கியதாகத் தெரிந்தால் திட்டு மாப்பிள்ளைக்குத்தான் விழும், சொல்லிவை.

உன் பிரசவத்துக்கு அங்கே வர எங்களுக்குப் பாஸ் கிடைக்கவில்லை. அப்பாவைக் கோபிக்காதே. தப்பு என்னுடையது.

கழிமுகத்தின் இரண்டு கரையும் ஒரே ஊராக இருந்தபோது பிறந்தவள் நான். பள்ளிக்கூடம் அங்கே, சந்தை இங்கே. பிறகு நடுவில் கோடு போட்டார்கள். ஆட்சி மாறும்போதெல்லாம் படகுத்துறைப் பலகையில் பழைய எழுத்தின் மேலேயே புது எழுத்து எழுதினார்கள். உப்புக்காற்றில் பெயின்ட் உரிந்து, இப்போது மூன்று அரசாங்கமும் ஒன்றாகத் தெரிகிறது. கடிகாரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. உங்கள் கரை எங்களைவிட அரை மணி பின்னால்.

அப்பா பட்டறைக்குப் போனதும் கூடத்துக் கடிகாரத்தை உங்கள் நேரத்துக்குத் திருப்பி வைப்பேன். இப்போது எழுந்திருப்பாள், இப்போது சாப்பிட்டிருப்பாள் என்று பார்த்துக்கொள்ளத்தான். அவர் வருவதற்குள் சரிசெய்துவிடுவேன்.

பாஸுக்குக் கடைசி நாள், பகல் பன்னிரண்டு மணி வரைதான். அன்று கடிகாரத்தைத் திருப்பி வைத்தபடியே விட்டுவிட்டு, தைத்த சீருடைகளைக் கொடுக்கப் போயிருந்தேன். அப்பா நடுவில் வீட்டுக்கு வந்திருக்கிறார். நேரம் இருக்கிறதென்று எஞ்சின் கறை போகக் கை கழுவி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பாஸ் ஆபீசுக்குப் போயிருக்கிறார். அங்கே ஜன்னல் சாத்தியிருந்ததாம். பன்னிரண்டே கால் ஆச்சு, இனிமே பாஸ் கிடையாது, எல்லையை மூடப்போறாங்க என்றாராம் குமாஸ்தா.

வந்ததும் கடிகாரத்தைக் கழற்றிப் பிரித்துப் போட்டார். இதுல ஒரு கோளாறும் இல்லையே என்று மூன்று நாளாக அதே முணுமுணுப்பு. எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருக்க முடியவில்லை, தையல் கோணிக்கொண்டு போகிறது. சொல்லவும் வாய் வரவில்லை. பாவி நான்.

இன்று காலை எழுந்து வந்தால் கடிகாரம் சுவரில் மாட்டியிருந்தது. அரை மணி பின்னால். நான் தொடவில்லை. அப்பா அதற்குக் கீழே காபி டம்ளரோடு நின்றிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல், அவ இப்பதான் எழுந்திருப்பா என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடைசித் தபால் படகில் இதை அனுப்புகிறேன். வலி எடுத்தால் பயப்படாதே, பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக்கொள். தாய் வேறு பிள்ளை வேறாக நல்லபடி ஆகவேண்டும். பிறந்த மணியைக் குறித்து வைக்கும்படி மாப்பிள்ளையிடம் சொல். கடிதம் என்றைக்கு வந்தாலும் சரி. உங்கள் நேரத்தையே எழுதட்டும், இங்கேயும் இப்போது அதுதான் ஓடுகிறது.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா