தட்டைத் தொட்டால் உறுமுகிறவன்

அன்பு மைத்துனா, மாதையா,

என் குரலுக்கு ஒலிபெருக்கி வேண்டியதில்லை என்று ஊர்தோறும் சொல்லித் திரிந்தவனே! நீ முன்வரிசையில் இல்லாத மேடைகளில் அந்தக் குரல் முன்வரிசையையே தாண்டவில்லை. மறைந்தவனுக்கு மடல் எழுதுவதுதான் உன் பகுத்தறிவா என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும். உன்னிடம் கேட்க எனக்கொரு கேள்வி இருக்கிறது. அதன் விடையில் பாதி உன்னோடு போய்விட்டது.

கேள்வி உன் நாயைப் பற்றியது. நீ டைகர் என்று அழைத்ததை நான் வேங்கை என்று மாற்றினேன். இன்றுவரை என் மாற்றத்தை ஏற்காத ஓருயிர் அது.

உன்னைக் காய்ச்சல் கொண்டுபோன கிழமையில்தான் பென்னாகரத்தில் வெறிநாய் அச்சம் பரவியிருந்தது. இடுகாடுவரை உன் பின்னால் வந்த வேங்கை அங்கேயே தங்கிவிட்டது. கேட்பாரற்றுத் திரிந்த நாய்களோடு அதையும் பிடித்துப் போய், பயிர் மேய்ந்த மாடுகளை அடைக்கும் பவுண்டில் போட்டுவிட்டார்கள். எந்தெந்தத் தெருவின் நாய்களோ, ஒன்றையொன்று அறியாதவை, நாற்புறமும் சுவர், நடுவில் ஒரே ஒரு கூழ்த்தொட்டி. நான் தேடிச் சென்றபோது வேங்கை தொட்டியின் விளிம்பில் காலூன்றி நின்றது. மற்றவை சுவரோரம் ஒடுங்கிக் கிடந்தன.

"உங்க நாய்தாங்க இங்க மணியக்காரரு," என்றார் பவுண்டுக் காவலர், ஏதோ தாமே வளர்த்ததுபோல. "அது தின்னு முடிச்சாத்தான் மத்ததுக்குப் பருக்கை."

நான் சிரித்தேன். வேங்கையை மீட்டு வீட்டிற்கு வந்தபின் சிரிக்க இயலவில்லை. பொன்னி, உன் மனைவியும் என் தங்கையும் ஆனவள், அதன் களித்தட்டை அருகில் தள்ளிவிடக் கை நீட்டினாள். மணிக்கட்டில் பல் பதிந்துவிட்டது.

கட்டிவைத்துப் பார்த்த கால்நடை மருத்துவர், வெறிநோய் இல்லை என்று உறுதி சொன்னார். ஆயினும் அடுத்த வீட்டுப் பெரியசாமிக்கு மனம் ஆறவில்லை. "வூட்டுக்கு வூடு பொடிசுங்க ஓடற தெரு இது, பொன்னி. சந்தை அன்னிக்கு நாய் சுடறவரு வராரு. குடுத்துரு. உனக்கு இருக்கற பாடு பத்தாதா?" என்றார். அவரைக் குறை சொல்வேனா? அவர் பேரனுக்கு இப்போதுதான் நடை வந்திருக்கிறது.

மருத்துவரிடமே மறுபடி போனேன். அங்கேதான், மாதையா, அந்தப் புதுச்செய்தி என் காதில் விழுந்தது.

"என் கூட்டாளி ஒருத்தன் சுவிட்சர்லாந்துல படிச்சிட்டு வந்திருக்கானுங்க," என்றார். "அங்க ஒருத்தரு மிருகக்காட்சி சாலையில ஓநாய்ங்களை ரொம்ப நாளாப் பாத்து எழுதியிருக்காராம். ஆணுல ஒண்ணு, பெண்ணுல ஒண்ணு எல்லாத்துக்கும் மேல வந்து நின்னுக்குமாம். மத்ததெல்லாம் வாலை மடக்கிக்குமாம். அந்த எடம் நெலைக்கணும்னா ஓயாம முறைச்சுக்கிட்டே இருக்கோணுமாம். நாயும் ஓநாய்க்கு ஒறமொறதானுங்களே? உங்க வேங்கை, வூட்டுக்கு இனிமே தான்தான் ஆபீசர்னு நெனச்சுக்கிச்சு. ஆபீசரை எறக்கோணும்."

"எப்படி இறக்குவது?"

"அடிச்சுத்தான். அந்தப் பெரியவரு அப்படிச் சொல்லலீங்க. அது நாமளாச் சேத்துக்கறது."

இதற்கு முன்பே, நார்வே நாட்டில் ஒருவர் கோழிகளைப் பார்த்து, எது எதைக் கொத்தும், எது எதனிடம் கொத்து வாங்கும் என்று படிக்கட்டுப்போல ஒரு வரிசை கண்டாராம்; அதையும் மருத்துவரே சொன்னார். அந்த வரிசையின் தொடர்ச்சியாகவே ஓநாய் ஆராய்ச்சியும் எனக்குத் தோன்றியது. இதற்கு மேலோங்கற் கொள்கை என்று நானே ஒரு பெயர் இட்டேன். நீ இருந்திருந்தால், கொள்கையைவிடப் பெயர் நீளம் என்று சிரித்திருப்பாய்.

காளைக்கு மருந்து வாங்க வந்திருந்த இண்டூர்ப் பெரும்பண்ணைக்காரர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். தொடையில் தட்டி எழுந்தார். "பாத்தீங்களா, பேச்சாளரே! நாயிலயே மணியக்காரன் உண்டாம். நீங்க என்னமோ எல்லாரும் ஒண்ணு ஒண்ணுன்னு தொண்டை கிழியக் கத்தறீங்க. எங்க, நாய்கிட்டப் போயிக் கத்துங்க, பாக்கலாம்!"

மேடையாக இருந்தால் சொல்லெடுத்து வீசியிருப்பேன். ஒருவேளை அது உண்மையாக இருந்தால்? எனக்கு உவப்பில்லை என்பதற்காக ஓர் உண்மை பொய்யாகிவிடுமா? பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று நாம் முழங்கியது இயற்கையை எதிர்த்தா, இயற்கையோடு ஒத்தா? இந்த ஐயம் இத்தனை ஆண்டுகளில் எனக்கு வந்ததேயில்லை. உனக்கு வந்ததுண்டா?

மருத்துவரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். "அந்த ஓநாய்கள் எங்கிருந்து வந்தவை?"

"பல எடத்துலருந்து கொண்டாந்து ஒண்ணா அடைச்சதுங்கன்னுதான் சொன்னான்."

"காட்டில் யாரும் பார்க்கவில்லையா?"

"காட்டுல ஓநாய் பின்னால எவன் போவான்? நீங்க போறீங்களா?"

வீட்டிற்கு வந்து பொன்னியிடம் சொன்னேன். கட்டுப்போட்ட கையோடு கேழ்வரகு மாவைக் கிளறிக்கொண்டிருந்தவள், "கோழி கொத்தறதைப் பாக்கச் சீமையில ஒருத்தரா? நம்ம குப்பைமேட்டுக்கு வந்திருந்தா சோறும் போட்டு அனுப்பியிருப்பேன்," என்றாள். பிறகு துடுப்பு நின்றது. "ஓநாயை அடைச்சு வச்சாண்ணா பாத்தாரு?"

"ஆம்."

சிரித்துவிட்டாள், மாதையா. நீ போனபின் அவள் சிரித்தது அப்போதுதான். "உங்க மச்சானும் ஜெயில்லருந்து வந்த புதுசுல இப்படித்தான். தட்டுப் பக்கம் கை போச்சுன்னா மடக்கி மறைச்சுக்குவாரு. ஒரு நா 'ஏய்'னு ஒரு உறுமல்! நான் கரண்டியோட தெருவுக்கே ஓடிட்டேன்."

"பிறகு?"

"பிறகென்ன, கரண்டியால அடிச்சா ஆபீசரை எறக்குனேன்? எட்ட நின்னு, 'இன்னும் இருக்குதுங்க'ன்னு ஒரு உருண்டையப் போட்டுட்டுப் போயிருவேன். அப்பறம் கொஞ்சம் கிட்ட. அப்பறம் பக்கத்துலயே குந்திக்கிட்டேன். ஒரு நா அவரே பாதியப் பிட்டு, 'நீயும் தின்னு'ன்னு என் கையில வச்சாரு."

இதையெல்லாம் நான்கு பேர் படிக்க எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்கண்ணா. அவருக்கென்ன, இனிமே கோவமா வரப்போவுது?" என்றாள்.

ஆகவே எழுதுகிறேன். மொழிக்காக நாம் சிறை சென்ற ஆண்டில், அந்தக் கொட்டடியில் நீ எப்படி இருந்தாய் என்பதை நான் அறிவேன். அறுப்பு நாளில் ஆளுக்கெல்லாம் களி போட்டுவிட்டுக் கடைசியில் சட்டியை வழிப்பவன் நீ. கம்பிக்குள் களி குறையக் குறைய, உன் முழங்கை அகன்றது. புதிதாய் வந்தவர்கள் உன் முகம் பார்த்த பிறகே தட்டெடுத்தார்கள். காவலர்கள் உன்னை மேஸ்திரி என்றார்கள். நானும் உன் தட்டைக் கடந்து நடந்ததில்லை. ஓர் அறிஞர் அன்று மதில்மேல் அமர்ந்து நம்மைப் பார்த்திருந்தால், "மாந்தருள் ஒருவன் மேலோங்குவான், இஃது இயற்கை" என்று எழுதியிருப்பார். கண்டதைத்தான் எழுதியிருப்பார்; பொய் சொல்லியிருக்கமாட்டார். ஆனால் அறுவடைக் களத்தில் உன்னைப் பார்க்காத அவர், உன்னைப் பார்த்தவர் ஆவாரா?

அன்றிலிருந்து பொன்னி உன்னிடம் செய்ததையே வேங்கையிடம் செய்தாள். எட்ட நின்று ஓர் உருண்டை, பிறகு கொஞ்சம் கிட்ட. சந்தை நாளும் வந்தது. துப்பாக்கியோடு ஆள் வந்தார். பேரனைத் தூக்கி இடுப்பில் வைத்தபடி பெரியசாமியும் வந்தார். பொன்னி யாரோடும் பேசவில்லை. தட்டை வைத்தாள். வேங்கை வாய் வைத்ததும் பக்கத்தில் குந்தினாள். கட்டுப்போட்ட அதே கையால் தட்டின் நடுவே ஓர் உருண்டையை வைத்தாள்.

தொண்டையில் ஓர் உறுமல் எழுந்தது. நாய் அவளை நிமிர்ந்து பார்த்தது. மூக்கைச் சற்றே ஒதுக்கி, அவள் கைக்கு இடம் விட்டுத் தின்னத் தொடங்கியது.

"ஏனுங்க, இதுக்கா என்னைக் கூப்புட்டீங்க?" என்றார் துப்பாக்கிக்காரர்.

"எதுக்கும் இன்னும் கொஞ்ச நாள் கட்டியே வையி," என்றார் பெரியசாமி. அது போதும். கட்டித்தான் வைத்திருக்கிறோம்.

ஒரு நாயையும் ஒரு மைத்துனனையும் கொண்டு ஒரு கொள்கையைச் சாய்த்துவிட முடியாது என்று எனக்குத் தெரியும். என் கேள்விகளோ வளர்கின்றன. வேங்கையை மீண்டும் பவுண்டில் அடைத்தால் மீண்டும் மணியக்காரராகுமா? வத்தல்மலைப் பக்கம் இரவில் ஊளையிடும் ஓநாய்க் கூட்டம் ஒன்றுக்கொன்று யார்? தாயும் தந்தையும் குட்டிகளுமாக இருந்துவிட்டால், அங்கே தலைவன் என்ற சொல்லுக்கு என்ன பொருள்? அதைக் காண ஒருவர் அதன் பின்னால் நடந்தே ஆகவேண்டும். அவர் எங்கே பிறந்திருக்கிறாரோ, இனித்தான் பிறப்பாரோ?

உனக்கொரு வாக்குத் தருகிறேன். அடுத்து அரூரில் பேசுகிறேன். அந்தப் பண்ணைக்காரர் வருவார், நாய்ப் பேச்சையும் இழுப்பார். அயல்நாட்டு அறிஞரை நான் இகழமாட்டேன். "எங்கே வைத்துக் கண்டார்?" என்று மட்டும் கேட்பேன். உன் நாய் இந்த வீட்டில் அடியின்றி உண்ணும். நானும் நாள்தோறும் ஓர் உருண்டை போடத் தொடங்கிவிட்டேன், எட்ட நின்றுதான்.

நேற்று மாலை அப்படி நின்றபோது, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "டைகர்" என்று அழைத்தேன். வால் ஆடிற்று. யாரிடமும் சொல்லிவிடாதே.

உன் பொன்னியின் அண்ணன்,
உன்னோடு ஒரே கொட்டடியில் களி தின்றவன்.